5 நாள் மாத்திரை, 15 நாள் கணக்கு

லெட்ரோசோல் 2.5 மில்லிகிராம், குழந்தைக்காகக் காத்திருப்பவர்களுக்குக் கருமுட்டை வளரக் கொடுக்கும் மாத்திரை. 10 மாத்திரை அட்டையிலிருந்து 5 மாத்திரையை மட்டும் கத்தரித்து, சின்னக் காகித உறையில் போட்டு, மேலே பேனாவால் 'இரவு 1' என்று எழுதிக் கொடுக்கிறார் மருந்துக் கடைக்காரர். வீட்டுக்கு வந்து அந்தப் பெயரைக் கைபேசியில் தட்டினால் முதல் வரியிலேயே 'மார்பகப் புற்றுநோய்க்கான மருந்து' என்று வருகிறது. கல்யாணமாகி மூன்று வருடமாக "விசேஷம் ஒன்னும் இல்லையா?" என்ற கேள்விக்குப் பதில் சொல்லிச் சொல்லிச் சலித்துப்போன ஒரு பெண்ணுக்கு அந்த வரியைப் படித்ததும் அடிவயிறு கலங்கத்தான் செய்யும். பயத்தில் மாத்திரை உறையிலேயே கிடந்துவிட்டால் அந்த மாதம் போயிற்று. அதனால் அந்தப் பயத்திலிருந்தே தொடங்குகிறேன்.

மார்பகப் புற்றுநோயில் பெரும்பாலானவை ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனைத் தின்று வளர்பவை. உடம்பில் ஈஸ்ட்ரோஜன் உருவாக அரோமட்டேஸ் என்ற நொதி வேண்டும். லெட்ரோசோல் அந்த நொதியைத் தடுக்கிறது. புற்றுநோய்க்கு வருடக்கணக்கில் தினமும் கொடுப்பார்கள். கருமுட்டைக்கு 5 நாள் மட்டும். இந்த 5 நாளில் நடப்பது இதுதான். மூளை, ரத்தத்தில் ஈஸ்ட்ரோஜன் எவ்வளவு ஓடுகிறது என்று எந்நேரமும் பார்த்துக்கொண்டே இருக்கிறது. அளவு இறங்கினால், சினைப்பை தூங்குகிறது என்று எடுத்துக்கொண்டு பிட்யூட்டரி சுரப்பி வழியாக எஃப்எஸ்ஹெச் ஹார்மோனைக் கூட்டி அனுப்பும். முட்டையை வளர்ப்பது அந்த எஃப்எஸ்ஹெச்தான். லெட்ரோசோல் முட்டையைத் தொடுவதே இல்லை. மூளைக்கு ஒரு தட்டு தட்டிவிட்டு விலகிக்கொள்கிறது. ரத்தத்தில் அதன் அளவு பாதியாக இறங்க சுமார் 2 நாள். கடைசி மாத்திரை 6-ம் நாளிலோ 7-ம் நாளிலோ முடிந்தால், கரு உருவாகிக் கர்ப்பப்பையில் ஒட்டும் 20, 21-ம் நாளுக்குள் மிச்சம் அநேகமாக ஒன்றும் இருக்காது.

இணையத்தில் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கும் 'இந்தியாவில் தடை செய்யப்பட்ட மருந்து' என்ற செய்திக்கும் ஒரு பின்கதை உண்டு. முட்டை வளர்ச்சிக்கு இதைப் பயன்படுத்தலாம் என்று 2001-ல் கட்டுரை வெளியிட்டவர்கள் டொராண்டோவின் மிட்வாலி, காஸ்பர் என்ற இரு மருத்துவர்கள். 2005-ல் ஒரு மாநாட்டில் வாசிக்கப்பட்ட சிறு ஆய்வு, சுமார் 150 குழந்தைகளை வைத்து, பிறவிக் கோளாறு கூடுகிறதோ என்ற சந்தேகத்தைக் கிளப்பியது. ஆனால் அது ஒப்பிட்டது, சிகிச்சை எதுவும் இல்லாமல் இயல்பாகக் கருத்தரித்த ஆரோக்கியமான தாய்மார்களோடு. ஒப்பீடே சரியில்லை. மறு வருடமே கனடாவில் 911 குழந்தைகளை எடுத்துக்கொண்டு, லெட்ரோசோலையும் பழைய மருந்தான க்ளோமிஃபீனையும் நேருக்கு நேர் வைத்துப் பார்த்தார்கள். லெட்ரோசோலில் கோளாறு கூடவில்லை. இருந்தும் 2011 அக்டோபரில் இந்திய அரசு குழந்தையின்மைக்கு இதைக் கொடுக்கத் தடை போட்டது. 2014-ல் அமெரிக்காவில் பிசிஓஎஸ் எனும் நீர்க்கட்டிப் பிரச்சினை உள்ள 750 பெண்களிடம் நடந்த பெரிய ஆய்வு, லெட்ரோசோலே மேல் என்று காட்டியது. 2017-ல் தடை விலக்கப்பட்டது. இன்று உலக அளவிலான பிசிஓஎஸ் வழிகாட்டுதல்களில் முட்டையை வளர்க்க முதலில் கொடுக்கச் சொல்வது இந்த மருந்தைத்தான்.

கர்ப்பிணிகள் சாப்பிடக் கூடாது என்று அட்டைப் பெட்டிக்குள் இருக்கும் தாள் சொல்கிறதே, அது மட்டும் அப்படியே உண்மை. மாதவிலக்கு ஒழுங்காக வராத பெண்ணுக்குத் தான் கர்ப்பமா இல்லையா என்பது தெரியாமலே இருக்கலாம். முந்தின மாதம் வந்தது வழக்கத்தைவிடக் குறைவான, ஒரு நாளில் நின்றுபோன போக்காக இருந்தால், முதல் மாத்திரைக்கு முன் வீட்டிலேயே சிறுநீர்ப் பரிசோதனை செய்துவிடுங்கள். ஒரு பரிசோதனை அட்டையின் விலைக்கு இதைவிடப் பெரிய நிம்மதி கிடையாது.

க்ளோமிஃபீன் மூத்தது. 1956-ல் அமெரிக்காவின் மெர்ரல் கம்பெனியில் உருவானது. எலிகளில் கருத்தரிப்பைத் தடுத்தது. பெண்களுக்குக் கொடுத்தபோது நேர்மாறாக முட்டையை வெடிக்க வைத்தது, அதாவது பையைக் கிழித்துக்கொண்டு முட்டை வெளியே வந்தது. அந்த முடிவை கிரீன்பிளாட் என்ற மருத்துவரும் அவர் குழுவும் 1961-ல் வெளியிட்டார்கள். 1967-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. இது ஈஸ்ட்ரோஜனைக் குறைப்பதில்லை. மூளையில் ஈஸ்ட்ரோஜன் உட்காரும் இடத்தில் தான் போய் உட்கார்ந்துகொள்கிறது. ரத்தத்தில் ஈஸ்ட்ரோஜன் ஏறினாலும் மூளைக்குத் தெரியாது. அதனால் எஃப்எஸ்ஹெச் தொடர்ந்து வரும். ஒன்றுக்குப் பதில் இரண்டு முட்டை, மூன்று முட்டை என்று வளரலாம். மாத்திரையில் இருக்கும் இரு வடிவங்களில் ஒன்றான சூக்ளோமிஃபீன் வாரக்கணக்கில் உடம்பில் தங்கும். அது கர்ப்பப்பையின் உள் சவ்விலும் கருப்பைவாய்ச் சளியிலும் ஈஸ்ட்ரோஜனை வேலை செய்யவிடாமல் தடுப்பதால், முட்டை நன்றாக வளர்ந்திருக்கும், சவ்வோ 5 மில்லிமீட்டரில் மெலிந்து நிற்கும். 'முட்டை வெடிக்குது, ஆனா தங்கலை' என்று சொல்கிறவர்களில் சிலருக்குக் காரணம் இதுவாக இருக்கலாம். 2014 ஆய்வில் க்ளோமிஃபீன் எடுத்துக் கருத்தரித்தவர்களில் 100-க்கு 7 பேருக்கு இரட்டை. லெட்ரோசோலில் 100-க்கு 3 பேருக்கு. க்ளோமிஃபீனில் உடம்பு குப்பென்று சூடாவது அதிகம், லெட்ரோசோலில் அசதியும் தலைசுற்றலும் அதிகம். இரண்டுமே சில நாளில் போய்விடும். ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: க்ளோமிஃபீன் சாப்பிடும்போது பார்வை மங்கினாலோ கண்ணில் மின்னல் போலத் தெரிந்தாலோ அன்றே நிறுத்திவிட்டு டாக்டரிடம் சொல்ல வேண்டும். அடுத்த மாதமும் அந்த மருந்து வேண்டாம்.

மருந்தைப் பற்றி இவ்வளவு சொன்னாலும், சிகிச்சையில் மருந்து சின்னப் பங்குதான். யாருக்குக் கொடுக்கிறோம், எந்த நாளில் தொடங்குகிறோம், முட்டை வளர்ந்ததா, வெடித்ததா என்று பார்க்கிறோமா என்பதெல்லாம்தான் பலனைத் தீர்மானிக்கிறது. 5 மாத்திரையை எழுதிக் கொடுத்து 'அடுத்த மாதம் வாங்க' என்று அனுப்புவதைச் சிகிச்சை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்தப் பெண்ணின் வயதில் ஒரு மாதம் அதில் கழிந்துபோகிறது.

யாருக்கு என்ற கேள்வியிலேயே நிறைய தவறு நடக்கிறது. கணவரின் விந்தணுப் பரிசோதனை இல்லாமல் மனைவிக்கு முட்டை மாத்திரை எழுதக் கூடாது. அவர் 2 முதல் 7 நாள் இடைவெளி விட்டு மாதிரி கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். உலக சுகாதார நிறுவனத்தின் 2021 கையேடு ஒரு மில்லிலிட்டருக்கு 1.6 கோடி விந்தணுவை அடி வரம்பாக வைத்திருக்கிறது. 'அவருக்கு ஒன்னும் இருக்காது' என்று மாமியார் சொன்னார், மாமனார் சொன்னார் என்பதற்காக ஆறு மாதம் மனைவி மட்டும் மாத்திரை விழுங்கிய பிறகு கணவரின் எண்ணிக்கை 20 லட்சம் என்று தெரியவந்தால், அந்த ஆறு மாதத்தை யார் திருப்பித் தருவது?

அடுத்து, முட்டை ஏன் வளரவில்லை என்பது. நான்கு விதமாகப் பிரித்துக்கொள்ளலாம். பெரும்பான்மை, நீர்க்கட்டி என்று நாம் சொல்லும் பிசிஓஎஸ். கட்டி என்ற பெயரே தவறு. அவை வளர ஆரம்பித்துப் பாதியில் நின்றுபோன சிறு முட்டைப்பைகள். இவர்களுக்குத்தான் மாத்திரை நன்றாக வேலை செய்யும். இரண்டாவது, மூளையிலிருந்தே சமிக்ஞை வராதவர்கள்: மிகவும் எடை குறைந்தவர்கள், கடும் உடற்பயிற்சி செய்பவர்கள், பிட்யூட்டரி பாதிக்கப்பட்டவர்கள். இவர்களுக்கு ஈஸ்ட்ரோஜன் ஏற்கெனவே தரைமட்டம். மேலும் குறைத்துக் காட்ட ஒன்றும் இல்லை. மாத்திரை எத்தனை மாதம் கொடுத்தாலும் வீண். எடை கூட வேண்டும், அல்லது எஃப்எஸ்ஹெச், முட்டையை வெடிக்க வைக்கும் எல்ஹெச் ஹார்மோன் இரண்டும் கலந்த ஊசி வேண்டும். மூன்றாவது, சினைப்பையில் முட்டை இருப்பே தீர்ந்துபோனவர்கள். எஃப்எஸ்ஹெச் ஏற்கெனவே உச்சத்தில் இருக்கும். இன்னும் கூட்டி என்ன பயன்? இவர்களிடம் உண்மையை முதலிலேயே சொல்லிவிடுவதுதான் மரியாதை. நான்காவது, தைராய்டு கோளாறோ, பால் சுரக்க வைக்கும் புரோலாக்டின் ஹார்மோன் அதிகமாக இருப்பதோ காரணமாக முட்டை வராதவர்கள். இவர்களுக்குத் தைராய்டு மாத்திரையோ, புரோலாக்டினைக் குறைக்க வாரம் இருமுறை கேபர்கோலினோ கொடுத்தால் முட்டை தானாகவே வர வாய்ப்புண்டு. தைராய்டைக் காட்டும் டிஎஸ்ஹெச், புரோலாக்டின் இரண்டும் சாதாரண ரத்தப் பரிசோதனை. அவற்றைச் செய்யாமல் தொடங்காதீர்கள். ஃபோலிக் அமிலம், குறைந்தது 400 மைக்ரோகிராம், தினமும் இப்போதிருந்தே. கருக்குழாய் திறந்திருக்கிறதா என்ற எக்ஸ்ரேயை முதல் மாதமே எடுக்கத் தேவையில்லை என்று சில டாக்டர்கள் நினைப்பார்கள். ஆனால் காசநோய், இடுப்பெலும்புக் குழித் தொற்று, வெடித்த அப்பெண்டிக்ஸ் இவற்றில் ஏதேனும் முன்பு இருந்திருந்தால் முதலிலேயே கேட்டு எடுத்துக்கொள்ளுங்கள். வயது 35 தாண்டியவர்கள் ஒரு வருடம் காத்திருக்க வேண்டாம். ஆறு மாதத்திலேயே பரிசோதனைக்குப் போகலாம்.

இனி நாள் கணக்கு. சிவப்பாக, துணி நனையும் அளவுக்குப் போக்கு தொடங்கும் நாள்தான் 1-ம் நாள். முந்தின நாள் பட்ட பழுப்புக் கறை கணக்கில் சேராது. தலைக்குக் குளித்த நாளை 1-ம் நாளாக எண்ணவும் கூடாது. எண்ணினால் எல்லாமே மூன்று நாள் தள்ளிப் போகும். 2-ம் நாளோ 3-ம் நாளோ ஒரு ஸ்கேன் எடுத்துப் பார்ப்பது நல்லது. போன மாதத்து முட்டைப்பை வெடிக்காமல் பெரிய நீர்ப்பையாக மிஞ்சியிருந்தால் அதற்கு மேல் மருந்து கொடுப்பதில்லை; ஒரு மாதம் விட்டால் பெரும்பாலும் தானே சுருங்கிவிடும்.

மாதவிலக்கே வராதவர்களுக்கு, கர்ப்பம் இல்லை என்று உறுதி செய்தபின், மெட்ராக்ஸிப்ரோஜெஸ்டிரோன் 10 மில்லிகிராம் 5 முதல் 10 நாள் கொடுத்து வரவழைப்பார்கள். நிறுத்தியதும் பெரும்பாலோருக்கு ஒரு வாரத்துக்குள் வரும். வராவிட்டால் அதுவே ஒரு துப்பு: ஈஸ்ட்ரோஜன் இல்லையோ, கர்ப்பப்பைச் சவ்வில் தழும்போ என்று யோசிக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் வரவழைத்துத்தான் தொடங்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. மருந்துக்கு முட்டை அசையவில்லை, சவ்வும் மெலிதாகவே இருக்கிறது என்று ஸ்கேனில் தெரிந்தால், ஒரு மாதம் காத்திருக்காமல் அங்கிருந்தே அடுத்த அளவைத் தொடங்கும் முறை உண்டு.

லெட்ரோசோல் 2.5 மில்லிகிராம், 3-ம் நாளிலிருந்து 7-ம் நாள் வரை, தினமும் ஒரே நேரத்தில். சில டாக்டர்கள் 2-ம் நாளில் தொடங்குவார்கள். சாப்பாட்டுக்கு முன்போ பின்போ, வித்தியாசம் இல்லை. இரவில் போட்டால் அசதியும் தலைசுற்றலும் தூக்கத்தோடு போகும். ஒரு வேளை மறந்தால் நினைவு வந்ததும் போட்டுக்கொள்ளுங்கள். இரண்டாகச் சேர்த்துப் போடாதீர்கள். முட்டை வளராவிட்டால் அடுத்த சுற்றில் 5, பிறகு 7.5. க்ளோமிஃபீனில் 50, 100, 150.

இங்கேதான் நான் அதிகம் பார்க்கும் தவறு. போன மாதம் 2.5-ல் முட்டை அழகாக வளர்ந்து வெடித்தது, கரு தங்கவில்லை. இந்த மாதம் 'டோஸைக் கூட்டலாமே' என்று 5. எதற்கு? வேலை செய்த அளவைக் கூட்டினால் கரு தங்கும் வாய்ப்பு கூடாது; கூடுவது இரட்டை பிறக்கும் வாய்ப்புதான். அளவைக் கூட்டுவது முட்டை வளராதபோது மட்டும். 2014 ஆய்வையே எடுத்துக்கொள்ளுங்கள்: 5 சுற்று வரை கொடுத்தும் லெட்ரோசோல் பிரிவில் குழந்தை பெற்றவர்கள் 100-க்கு 27.5, க்ளோமிஃபீனில் 19.1. முதல் மாதம் தங்கவில்லை என்றால் மருந்து தோற்றது என்று ஆகாது.

ஸ்கேன் அறைக்குள் போவோம். கையில் ஒரு துண்டுச் சீட்டு தருவார்கள், நான்கு கட்டங்கள் போட்டது: தேதியும் நாளும், வலது சினைப்பை, இடது சினைப்பை, ஈ.டி. கடைசியில் இருப்பது கர்ப்பப்பைச் சவ்வின் தடிமன். 9-ம் நாள்: வலது 11, இடது 'எம்எஸ்எஃப்', ஈ.டி. 5.5. எம்எஸ்எஃப் என்றால் சிறு முட்டைப்பைகள் பல இருக்கின்றன, எதுவும் முந்தவில்லை என்று பொருள், பயப்பட ஒன்றுமில்லை. 11-ம் நாள்: வலது 14, ஈ.டி. 7. 13-ம் நாள்: வலது 18, ஈ.டி. 8.5, மூன்று கோடு. நாளுக்கு ஒன்றரை, இரண்டு மில்லிமீட்டர் என்று ஏறியிருக்கிறது. இது நல்ல சீட்டு. 'முட்டை 18 எம்எம் வந்துட்டு' என்று சொல்கிறோமே, அது முட்டையின் அளவல்ல, முட்டை மிதக்கும் நீர்ப்பையின் அளவு. முட்டை ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குதான். ஸ்கேனில் தெரியவே தெரியாது. மூன்று கோடு என்பது சவ்வு இரு ஓரங்களும் நடுவும் வெள்ளைக் கோடாக, இடையில் கறுப்பாகத் தெரிவது. 7-க்கு மேல் இருந்தால் திருப்தி. 13-ம் நாளில் எல்லாம் 8, 9 என்றே நிற்கிறது என்றால் அவசரப்பட்டுச் சுற்றை மூடிவிட வேண்டாம். பிசிஓஎஸ் பெண்களில் சிலருக்கு முட்டை 18, 20-ம் நாளில்தான் முந்தும். நான்கு நாள் விட்டு இன்னொரு முறை பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். மாறாக 14-க்கு மேல் மூன்றோ அதற்கு மேலோ வளர்ந்திருந்தால் அந்த மாதம் முட்டையை வெடிக்க வைக்கும் ஊசியும் வேண்டாம், சேர்க்கையும் வேண்டாம் என்று டாக்டர் சொல்லக்கூடும். கேட்க வலிக்கும். ஆனால் மூன்று கருவைச் சுமந்து ஏழாம் மாதத்தில் இழப்பதைவிட ஒரு மாதத்தை இழப்பது மேல்.

பை 18 முதல் 20 ஆனதும் வெடிக்கிற ஊசி: ஹெச்சிஜி 5,000 அல்லது 10,000 யூனிட், இல்லையென்றால் ஆய்வகத்தில் உருவாக்கும் மறுசேர்க்கை வகை 250 மைக்ரோகிராம். ஊசி போட்டு சுமார் 36 முதல் 40 மணி நேரத்தில் முட்டை வெளியே வரும். 13-ம் நாள் இரவு 9 மணிக்குப் போட்டால் 15-ம் நாள் காலை 9 மணிக்கு மேல். முட்டைக்கு ஆயுள் ஒரு நாளுக்குள். விந்தணு மூன்று நாள், ஐந்து நாள்கூடத் தாங்கும். ஆகவே முட்டை வருவதற்கு முன்பே விந்தணு போய்க் காத்திருக்க வேண்டும். ஊசி போட்ட அன்றும் அடுத்த இரண்டு நாளும் சேர்வதுதான் சரியான நேரம். 'வெடிச்சாச்சான்னு ஸ்கேன்ல பாத்துட்டுச் சேரலாம்' என்று காத்திருந்தால் பிந்திவிடும். விந்தணுவை நேராகக் கர்ப்பப்பைக்குள் செலுத்தும் ஐயூஐ செய்வதாக இருந்தால் ஊசி நேரத்தை மருத்துவமனையே மணி சொல்லிக் கொடுக்கும். அந்த மணியை ஒரு மணி நேரம்கூட உங்கள் வசதிக்கு மாற்றாதீர்கள். ஐயூஐ முடிந்து பத்து, பதினைந்து நிமிடம் படுத்திருந்தால் போதும். பிறகு பத்து நாள் படுக்கையில் கிடப்பதால் வாய்ப்பு கூடுவதில்லை. வீட்டு வேலை, பஸ், ஆபீஸ் எல்லாம் வழக்கம் போலவே.

ஊசி மருந்தை வாங்கியதும் பெட்டியில் எழுதியிருக்கும் வெப்பநிலையைப் பாருங்கள். 2 முதல் 8 டிகிரி என்றால் ஃப்ரிட்ஜின் நடுத்தட்டு. ஃப்ரீசர் அல்ல, உறைந்தால் மருந்து கெட்டது. மே மாத வெயிலில் ஸ்கூட்டி டிக்கியில் வைத்து எடுத்துப் போகாதீர்கள். ஐஸ் பையில் கொண்டுபோனால் இடையில் ஒரு துணியைச் சுற்றி, ஐஸ் நேரடியாகப் படாமல் பாருங்கள்.

வெடிக்கிற நேரத்தில் இன்னொரு எதிரி நம் வீட்டு மருந்துப் பெட்டியிலேயே இருக்கிறது. டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென், மெஃபனமிக் அமிலம் போன்ற வலி மாத்திரைகள், பை கிழிவதற்கு வேண்டிய புரோஸ்டாகிளாண்டினைத் தடுத்துவிடும். பை வளரும், எல்ஹெச்சும் ஏறும், ஆனால் கிழியாது. முட்டை உள்ளேயே சிறைப்பட்டுவிடும். மாதவிலக்கு வலிக்கு 1, 2-ம் நாளில் போட்டால் குற்றமில்லை, வெடிக்க இன்னும் பத்து நாள் இருக்கிறது. 10-ம் நாளுக்குப் பிறகு முதுகு வலி, பல் வலி எதுவானாலும் பாராசிட்டமால் மட்டும். டாக்டரிடம் இதைக் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். மூட்டு வாதத்துக்கு இவற்றைத் தொடர்ந்து எடுப்பவர்கள் முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

எல்லோருக்கும் வெடிக்கிற ஊசி வேண்டும் என்பதும் இல்லை. பை சரியாக வளர்ந்தால் பெரும்பாலும் உடம்பே வெடிக்க வைக்கும். வீட்டில் சிறுநீரில் எல்ஹெச் பட்டையை வைத்துப் பார்ப்பவர்கள் கவனிக்க: பிசிஓஎஸ் உள்ளவர்களில் பலருக்கு எல்ஹெச் எப்போதுமே உயர்ந்தே இருப்பதால் பட்டை தினமும் இரண்டு கோடு காட்டி ஏமாற்றும். வெடித்ததா என்பதை உறுதி செய்ய நல்ல வழி, வெடித்த பின் சினைப்பை சுரக்கும் புரோஜெஸ்டிரோன் ஹார்மோனை ரத்தத்தில் பார்ப்பது. மில்லிலிட்டருக்கு 3 நானோகிராமுக்கு மேல் இருந்தால் முட்டை வந்திருக்கிறது. இதை '21-ம் நாள் டெஸ்ட்' என்று எழுதிக் கொடுப்பதால் வரும் குழப்பம் கொஞ்சமல்ல. 28 நாள் சுழற்சிக்குத்தான் 21. முட்டை 20-ம் நாள் வெடித்தவருக்கு 21-ம் நாளில் பார்த்தால் 'முட்டை வரவில்லை' என்று பொய்யான முடிவு வரும். வெடித்ததாகக் கருதும் நாளிலிருந்து ஏழாம் நாள் என்று எண்ணுங்கள்.

மாத்திரைக்கு அசையாதவர்களுக்கு, எஃப்எஸ்ஹெச் போன்ற ஹார்மோனை நேரடியாகவே தரும் கொனாடோட்ரோபின் ஊசிகள். இவற்றின் வரலாறு விசித்திரமானது. மாதவிடாய் நின்ற பெண்களின் சிறுநீரில் எஃப்எஸ்ஹெச், எல்ஹெச் மிகுதியாக இருக்கும் என்பதால் 1949-ல் இத்தாலியின் டோனினி என்ற ஆய்வாளர் அதைச் சிறுநீரிலிருந்து பிரித்தெடுத்தார். பெருமளவில் தேவைப்பட்டபோது வயதான கன்னியாஸ்திரீகள் தங்கியிருந்த இல்லங்களிலிருந்து சேகரித்தார்கள். அந்த மருந்தால் இஸ்ரேலில் லூனன்ஃபெல்ட் என்ற மருத்துவரின் சிகிச்சையில் முதல் குழந்தை பிறந்தது 1962-ல். துறவு பூண்டு பிள்ளை பெறாமலே முதுமை அடைந்த அந்தப் பெண்கள் எத்தனை குழந்தைகளுக்குக் காரணமானார்கள் என்று நினைக்கும்போது நெஞ்சு நெகிழ்கிறது.

பிசிஓஎஸ் பெண்ணுக்கு இந்த ஊசியை நாளுக்கு 37.5 முதல் 75 யூனிட்டில் தொடங்கி, முதல் முறை ஒன்று, இரண்டு வாரம்கூட அளவைக் கூட்டாமல் பொறுத்திருந்து, பிறகு 37.5 ஆகச் சிறிது சிறிதாக ஏற்றுவது பாதுகாப்பான முறை. பொறுமையில்லாமல் முதலிலேயே 150 போட்டால் எட்டு, பத்து பைகள் சேர்ந்து வளரும். காரணம் தெரியாத குழந்தையின்மை உள்ள 900 தம்பதிகளிடம் நடந்து 2015-ல் வெளியான அமெரிக்க ஆய்வில், ஊசிப் பிரிவில் 24 இரட்டை, 10 மூன்று கரு. மாத்திரைப் பிரிவுகளில் இரட்டைக்கு மேல் ஒன்றுமில்லை. ஊசியை மாலையில் ஒரே நேரத்தில் போடச் சொல்வதற்கும் காரணம் இருக்கிறது: காலையில் ஸ்கேனும் ரத்தமும் பார்த்து, அன்று மாலை அளவை மாற்ற முடியும். பொடி மருந்தானால் கரைநீரைக் குப்பியின் சுவரோரமாக மெதுவாக விட்டு, உள்ளங்கையில் உருட்டிக் கரையுங்கள். குலுக்கினால் நுரை வரும், அளவு குறையும். தொப்புளுக்குக் கீழே இரண்டு விரல் தள்ளி, தோலைக் கிள்ளிப் பிடித்து, தினமும் இடம் மாற்றிப் போட வேண்டும்.

ஊசி போட்ட பிறகு வயிறு உப்பி, ஒரே நாளில் ஒரு கிலோ ஏறி, வாந்தி வந்து, சிறுநீர் குறைந்து, மூச்சு வாங்கினால் அது சினைப்பை அதிகத் தூண்டல். வெடிக்கிற ஊசிக்குப் பிறகு ஒரு வாரத்துக்குள்ளோ, கருத்தரித்திருந்தால் இரண்டாம் வாரத்திலோ வரும். 'வாயு' என்று ஓமத் தண்ணீர் குடித்துக் காத்திருக்கக் கூடாது. அன்றிரவே மருத்துவமனைக்குப் போக வேண்டும், காலில் ரத்தக்கட்டு வரை போகும் விஷயம் இது. ஒரு பக்க அடிவயிற்றில் திடீரென்று கத்தியால் குத்தியது போல் வலித்தால் பெருத்த சினைப்பை முறுக்கிக்கொண்டிருக்கலாம். அதற்கும் காத்திருப்பது கிடையாது. லெட்ரோசோலில் இவை மிக அரிது.

கடைசி இரண்டு வாரம் மனதுக்குத்தான் பாரம். புரோஜெஸ்டிரோன் மாத்திரை கொடுத்திருப்பார்கள். வாய்வழியோ கீழே வைப்பதோ. அது மார்பை வலிக்க வைக்கும், மாதவிலக்கைத் தள்ளிப் போடும். 'நாள் தள்ளிப் போயிருக்கு' என்பதை வைத்து ஊருக்குச் சொல்லிவிட வேண்டாம். வெடிக்கிற ஊசியில் இருப்பது கர்ப்பப் பரிசோதனை அட்டை தேடும் அதே ஹெச்சிஜி. 10 நாள், சில சமயம் 14 நாள் வரை ரத்தத்தில் இருக்கும். எட்டாம் நாள் போட்டுப் பார்த்து இரண்டு கோடு வந்தால் அது ஊசியின் கோடாகவே இருக்கலாம். ஊசி போட்ட 16-ம் நாள், காலையின் முதல் சிறுநீர். இரண்டு கோடு வந்தால் ரத்தத்தில் பீட்டா ஹெச்சிஜி, 48 மணி நேரம் கழித்து மறுபடி ஒன்று, பிறகு 6, 7-வது வாரத்தில் கரு கர்ப்பப்பைக்குள்தான் இருக்கிறதா, ஒன்றா இரண்டா என்று ஸ்கேன். அதுவரை புரோஜெஸ்டிரோனை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

ஒரு கோடுதான் என்றால் டாக்டரிடம் சொல்லிவிட்டு மாத்திரையை நிறுத்துங்கள். சில நாளில் மாதவிலக்கு வரும். அழுகை வந்தால் அழுதுவிடுங்கள், அதற்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். அந்தத் துண்டுச் சீட்டை மட்டும் தூக்கிப் போடாதீர்கள். எந்த அளவுக்கு எந்த நாளில் எத்தனை மில்லிமீட்டர் என்று அதில் இருக்கிறது. மருத்துவமனை மாறினாலும், டாக்டர் மாறினாலும் அடுத்த சுற்றை முதலிலிருந்து தொடங்காமல் காப்பாற்றுவது அதுதான். முட்டை ஒழுங்காக வெடித்த ஆறு சீட்டு சேர்ந்தும் கரு தங்கவில்லை என்றால், ஆறையும் வரிசையாக மேசையில் வைத்து, ஏழாவது முறை அதே மாத்திரை எதற்கு, கருக்குழாயைப் பார்த்தாகிவிட்டதா, ஐயூஐயா, சோதனைக் குழாய் முறையான ஐவிஎஃப்பா என்று கணவனும் மனைவியும் சேர்ந்து உட்கார்ந்து டாக்டரிடம் கேளுங்கள்.